வகைப்பிழையும் வழாநிலையும்

(எமது மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்துருவம்)



இம்மேடையிற் பெரியோர் பலர் பேசக் கேட்டு வளர்ந்த எம்மை இன்று பேசவும் பணித்திருக்கின்றீர்கள். கல்வி முற்றுப்பெறாத மாணவர் நாம். ஆதலால், கற்றுத் தேர்ந்த பொருளைப் பற்றியன்று, தவறிழைத்துத் திருத்திக்கொண்ட பொருளொன்றைப் பற்றியே பேசத் துணிகின்றோம். கணினிக்குச் செய்நிரல் எழுதும்போது நேரும் வகைப்பிழை என்பது யாது, அதனை நாமே ஆக்கிக்கொள்ளும் தரவு வகைகளாற் போக்குவது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

இது இளைஞருக்கு மாத்திரம் உரிய விஷயம் என்று முதியோர் கருதிவிடலாகாது. இதன் வேர் நமது இலக்கணத்திலேயே உண்டு. மிஷன் பாடசாலையில் நாம் படித்த காலத்தில் நன்னூல் வகுப்பு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னரே வரும். கண் சொக்கும் நேரம். ஆசிரியர் திடீரென்று, "பசு வந்தான்" என்று உரக்கச் சொல்வார். வகுப்பு முழுவதும் விழித்துக்கொண்டு சிரிக்கும். "ஏன் சிரிக்கிறீர்கள்? எழுத்துப் பிழை உண்டோ? சொற் பிழை உண்டோ?" என்று கேட்பார். எழுத்தும் சரி, சொல்லும் சரி. ஆனால், அஃறிணைப் பெயர் உயர்திணை வினையைக் கொண்டு முடிந்தது. அது திணை வழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தம்முள் மயங்கினால் வழு, மயங்காதிருந்தால் வழாநிலை. இன்று எமது கணினிப் பாடநூல்களும் பிழையை "வழு" என்றே குறிப்பிடுகின்றன. அச்சொல்லைத் தெரிந்தெடுத்தவர் இலக்கணம் அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

கணினியினுள்ளே எல்லாம் எண்களே. வயதும் எண், விலையும் எண், எடையும் எண். இவற்றுள் எது எது என்பதைச் செய்நிரல் எழுதுவோன் அறிவான்; இயந்திரம் அறியாது. வகை என்பது அவ்வெண்ணுக்கு நாம் இடும் திணை. சார்புவழிச் செய்நிரலாக்கத்தில் இவ்விஷயம் மேலும் முக்கியம் பெறுகின்றது. அம்முறையிற் செய்நிரல் என்பது கணிதத்தில் நாம் கற்ற சார்புகளின் கோவை. ஒரு சார்பு ஒரு பெறுமானத்தை வாங்கி மற்றொரு பெறுமானத்தைத் தரும். அது அடுத்த சார்பினுட் செல்லும். நீர்க்குழாய்களைப் பொருத்துவது போன்றது அது. முக்கால் அங்குலக் குழாயை ஓரங்குல வாயிற் பொருத்த முயன்றால், நீரைத் திறந்துவிடுவதற்கு முன்னரே பொருந்தவில்லை என்பது தெரிந்துவிடும். அவ்வாறு முன்னரே கண்டு சொல்பவன் தொகுப்பான். அவன் சொல்வதே வகைப்பிழை.

இனி, எமக்கு நேர்ந்ததைச் சொல்கின்றோம்.

சென்ற விடுமுறையில் நாமும் நண்பரொருவரும் ஓர் இலவச வைத்திய முகாமிற் தொண்டு செய்தோம். காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்குப் பரசிற்றமோல் பாணி எவ்வளவு என்று தாதியர் ஒவ்வொரு முறையும் கையாற் கணக்கிட்டனர். வைத்தியர் சொன்ன முறை எளிது: பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். (இதனை எவரும் மருந்து ஆலோசனையாகக் கொள்ளற்க, கணக்கின் பொருட்டே சொல்கின்றோம்.) அப்போது நாம் ஹஸ்கெல் என்னும் சார்புவழி மொழியைப் புதிதாகக் கற்றிருந்தோம். புதுச் செருப்பு வாங்கியவன் தேவையில்லாமலும் நடப்பான் அல்லவா? ஒரே இரவில் அக்கணக்குக்கு ஒரு செய்நிரல் எழுதினோம். தொகுப்பான் ஒரு பிழையும் சொல்லவில்லை. பெருமிதத்தோடு மறுநாட் காலையில் மடிக்கணினியை மேசையில் வைத்தோம்.

அங்கே தராசுகள் இரண்டு இருந்தன. ஒன்று கிலோக் காட்டுவது. மற்றது எவரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய தராசு; அது காட்டியது இறாத்தல். சிறு பெண் பிள்ளை ஒருத்தியைப் பழைய தராசில் நிறுத்தினர். முள் 26 இல் நின்றது. நண்பர் 26 என்று பதிந்தார். செய்நிரல் 390 மில்லிகிராம், அஃதாவது 16 மில்லிலீற்றருக்கு மேல் என்று விடை தந்தது. பக்கத்தில் நின்ற முதிய தாதி பிள்ளையைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார். "தம்பி, இது எட்டு வயசுப் பிள்ளைக்குக் குடுக்கிற கணக்கெல்லோ? இவளுக்கு இப்பத்தான் இரண்டு வயசு" என்றார்.

26 இறாத்தல் என்பது 11.8 கிலோ. வேண்டிய மருந்து ஏறக்குறைய 177 மில்லிகிராம்; பாணியாக 7 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். நாம் கொடுக்க இருந்தது அதனிலும் இரண்டு மடங்குக்கு மேல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். மருந்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? அன்று எமது முகத்தில் ஈயாடவில்லை. மடிக்கணினியை மூடினோம். தாதி கோபிக்கவில்லை, "பரவாயில்லை, திருத்திக்கொண்டு வாருங்கோ" என்றார். அச்சொல் கோபத்தினும் கடுமையாக எம்மைத் தைத்தது.

எமது பிழை யாது? எடையையும் மருந்தையும் பாணியையும் "டபிள்" என்னும் ஒரே தசம எண் வகையாக எழுதியதே. இறாத்தலும் டபிள், கிலோவும் டபிள், மில்லிகிராமும் டபிள். எல்லாவற்றையும் ஒரே திணையாக்கிவிட்டால் திணை வழு எங்ஙனம் தோன்றும்? தொகுப்பான் மௌனமாக இருந்தது செய்நிரல் சரியானதால் அன்று; அவனிடம் கேள்வி கேட்பதற்குரிய செய்தி எதனையும் நாம் கொடுக்காமையால்.

இத்தகைய தவறு எம்போன்ற மாணவர்க்கு மாத்திரம் உரியதன்று. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் தேதி கனடாவிற் பறந்த போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. எரிபொருளின் நிறையைக் கிலோவிற் கணிக்க வேண்டியவர்கள் இறாத்தலுக்குரிய எண்ணைக் கொண்டு கணித்தமையால், தேவையானதிற் பாதிக்குங் குறைவாகவே நிரப்பியிருந்தனர். விமானியின் திறமையால் அது கிம்லி என்னுமிடத்திற் சறுக்கி இறங்கியது, உயிர்ச்சேதம் இல்லை. அது கையாற் செய்த கணக்கு. 1998 டிசம்பரிற் செவ்வாய்க் கிரகத்தை நோக்கி அமெரிக்கா ஏவிய மார்ஸ் கிளைமற் ஓபிற்றர் என்னும் கலம் கெட்டதோ செய்நிரலால். தரையிலிருந்த ஒரு செய்நிரல் உந்துகையை இறாத்தல்விசைச் செக்கனிற் தந்தது; அதனை வாங்கியோர் நியூற்றன் செக்கன் என்று கொண்டனர். இரண்டுக்குமிடையே ஏறக்குறைய 4.45 மடங்கு வேறுபாடு. 1999ஆம் ஆண்டு செப்ரெம்பர் 23ஆந் தேதி கலம் கிரகத்துக்கு மிக அண்மையிற் சென்று அழிந்தது. எண் சரி, வகை வழு.

இனி, பரிகாரத்துக்கு வருவோம். ஹஸ்கெல் மொழியில் நாமே வகைகளை ஆக்கிக்கொள்ளலாம். "நியூரைப்" என்னும் சொல்லால் ஏற்கெனவே உள்ள ஒரு வகைக்குப் புதிய உறை இடலாம். இறாத்தல், கிலோ, மில்லிகிராம், மில்லிலீற்றர் என்று நான்கு உறைகள் இட்டோம். உள்ளே இருப்பது அதே டபிள்தான். ஆயினும் ஓர் உறையை எதிர்பார்க்கும் இடத்தில் மற்றோர் உறை நுழையாது. செய்நிரல் ஓடும்போது இவ்வுறை இராது; ஆகவே வேகத்திற் குறைவும் இல்லை. பின்னர்ச் சார்புகளின் தலைப்புகளை இவ்வாறு மாற்றினோம். (எளிமைக்காகத் தமிழில் எழுதிக் காட்டுகின்றோம்.)

மருந்தளவு : கிலோ → மில்லிகிராம்
பாணியளவு : மில்லிகிராம் → மில்லிலீற்றர்

இதனை எழுதித் தொகுப்பானிடம் கொடுத்தோம். நேற்றுவரை வாய் திறவாதவன் முப்பத்தேழு பிழைகளைக் கொட்டினான். நண்பர், "பழைய செய்நிரலே நல்லது, அதிற் பிழையே இல்லை" என்றார்! நாம் பெற்ற முதற் பாடம் இதுவே: பிழைகள் புதிதாகப் பிறக்கவில்லை, மறைந்திருந்தவை வெளிப்பட்டன.

பிழைகளைப் போக்கும்போது நாம் மேற்கொண்ட தவறான வழிகளையும் ஒளியாமற் சொல்கின்றோம். பின்வரும் மாணவருக்கு அவையே கூடுதலாகப் பயன்படும்.

முதலிற் கண்ட பிழை, "இறாத்தல் வகை எண் குடும்பத்தைச் சேர்ந்ததன்று" என்பது. இறாத்தல் வேண்டிய இடத்தில் வெறும் 26 என்று எழுதியிருந்தோம். அவ்வகையை "நம்" என்னும் எண் குடும்பத்திற் சேர்த்துவிட்டாற் பிழை ஒழியும் என்று தோன்றியது, சேர்த்தோம், ஒழிந்தது. ஆனால், அதன் பின்னர் வெறும் 26 எந்த உறையும் இன்றி எல்லா வாயில்களிலும் நுழைந்தது. இறாத்தலை இறாத்தலாற் பெருக்கினால் இறாத்தல் வரும் என்னும் பொருந்தாக் கணக்கையும் தொகுப்பான் ஏற்றுக்கொண்டான். கதவுக்குப் பூட்டிட்டுச் சாவியை வாசற்படியிலேயே வைத்தது போலாயிற்று. சேர்த்ததை நீக்கி, உரிய இடத்தில் "இறாத்தல் 26" என்று உறையோடு எழுதுவதே சரியான திருத்தம் என்று கண்டோம்.

இரண்டாவது பிழை, "எதிர்பார்த்த வகை கிலோ, கிடைத்த வகை இறாத்தல்" என்பது. இங்கே மாணவர் செய்வது, இறாத்தல் உறையைக் கிழித்து உள்ளிருக்கும் எண்ணை எடுத்துக் கிலோ உறையில் இடுவது. நாமும் ஓரிடத்தில் அவ்வாறே செய்தோம். தொகுப்பான் அடங்கினான், ஆனால் முகாமிற் செய்த அதே பிழையை இம்முறை கையொப்பமிட்டுச் செய்தோம்! சரியான வழி, இறாத்தலை வாங்கிக் கிலோவைத் தரும் சார்பு ஒன்றே ஒன்றை எழுதி, எங்கும் அதனையே வழங்குவது. ஓர் இறாத்தல் 0.45359237 கிலோ என்பது 1959ஆம் ஆண்டு சர்வதேச உடன்பாட்டால் வரையறுக்கப்பட்ட எண். அவ்வெண் செய்நிரலில் ஓரிடத்திலேயே இருத்தல் வேண்டும். இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று உண்டு. வீட்டுப் பசுவை அன்பினால் "அம்மா வந்தாள்" என்று சொன்னால் அது வழுவாயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படும். மாற்றுச் சார்பும் அத்தகையது. ஒரு வகை மற்றொன்றாகலாம். காரணம் காட்டி, யாவரும் காண, ஓரிடத்தில் ஆகவேண்டும்.

மூன்றாவது மிகச் சிறியது. ஆனால் எமது அரைநாளை விழுங்கியது. "மில்லிகிராம் 15 × எடை" என்று எழுதியிருந்தோம். ஹஸ்கெல் மொழியில் உறையிடுதல் பெருக்கலினும் முந்தியது. ஆகவே தொகுப்பான் 15ஐ மாத்திரம் உறையிலிட்டு, அவ்வுறையை எடையாற் பெருக்க முயன்றான். பெருக்கலை அடைப்புக்குறியினுள் இட்டவுடன் பிழை நீங்கிற்று.

பிழைச் செய்தியை வாசிக்கும் முறையையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகின்றோம். "எதிர்பார்த்தது", "கிடைத்தது" என்னும் இரு சொற்களையே முதலிற் காணுங்கள்; மற்றவை பின்னர். தொகுப்பான் சுட்டும் வரியிலேயே தவறு இருக்கும் என்று எண்ணாதீர்கள். இரு குழாய்கள் பொருந்தாவிடின் எக்குழாய் பிழையானது என்று அவன் அறியான். நீங்கள் வகைத் தலைப்பை எழுதாவிடின் அவனே ஊகித்துக்கொள்வான். அவ்வூகம் நெடுந்தூரம் சென்ற பின்னரே முரண்பாடு தோன்றும். ஆகவே ஒவ்வொரு சார்புக்கும் தலைப்பை முதலில் எழுதுங்கள். பிழைகளை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தீருங்கள்; ஒன்று தீரப் பத்து மறைவதும் உண்டு.

அவ்வூகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. கணிதத்தின் அடிப்படையிற் தோன்றிய முரண்பாடுகளை நீக்கும் பொருட்டுப் பேட்றண்ட் றசல் 1908இல் வகைக் கோட்பாட்டை வெளியிட்டார். அலொன்சோ சேர்ச் 1940இல் அதனைத் தமது சார்புக் கணிதத்தோடு இணைத்தார். எழுதாத வகைகளை இயந்திரமே கண்டுகொள்ளும் முறையை றொஜர் ஹிண்ட்லி 1969இலும், எடின்பரோவில் எம்.எல். என்னும் மொழியை உருவாக்கிய றொபின் மில்னர் 1978இலும் வெளியிட்டனர். ஹஸ்கெல் மொழியின் முதல் அறிக்கை 1990இல் வந்தது. அம்மொழி ஹஸ்கெல் கறி என்னும் தருக்க அறிஞரின் பெயரைத் தாங்கியது. மெய்யியலார் எழுப்பிய வினா ஒன்று இன்று ஒரு பிள்ளையின் மருந்துக் கரண்டிவரை வந்து நிற்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே உண்டாகின்றது.

உறை இடுவதோடு வகையாக்கம் முடிந்துவிடுவதில்லை. "இதுவோ அதுவோ" என்னும் வகையையும் ஆக்கலாம். "டேற்றா" என்னும் சொல்லால், தராசு வாசிப்பு என்பது ஒன்றில் இறாத்தல், அன்றேற் கிலோ என்று எழுதினோம். இப்போது எண்ணை மாத்திரம் பதிய இயலாது. எந்தத் தராசு என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதனை வாங்கும் சார்பு இரண்டு நிலைகளுக்கும் விடை சொல்லவேண்டும். இரண்டு விடையும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். ஒரு கிளையிற் கிலோவும் மறுகிளையில் வெறும் எண்ணும் தந்தோம், தொகுப்பான் மறுத்தான். ஒரு நிலையை முற்றாக மறந்தால் அவன் எச்சரிப்பான். ஆனால் அவ்வெச்சரிக்கையை நாம் கேட்டுப் பெறவேண்டும். அதற்குரிய விசையை இயக்கி வைப்பது நல்வழக்கம்.

எடை நிறுக்க மறுத்து அழும் பிள்ளைக்கு என் செய்வது? பழைய செய்நிரலில் 0 என்று பதிந்தோம். மருந்தும் 0 என்று வந்தது. இல்லாமையை எண்ணாக எழுதுவதும் ஒரு வழுவே. இவ்விடத்தில் நமது நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லலாம். 1934இற் கொழும்பிற் பிறந்தவர் ரொனி ஹோர் என்னும் கணினி அறிஞர். அவர் 1965இல் ஒரு மொழியை வகுக்கும்போது, "எதனையும் சுட்டாத சுட்டு" என்பதை எளிதாக இருக்கின்றதென்று சேர்த்துவிட்டார். அதனால் உலகெங்கும் விளைந்த பிழைகளை எண்ணி, 2009இல் ஒரு சபையில், நூறு கோடி டொலர் பெறுமதியான தவறு என்று அதனைத் தாமே ஒப்புக்கொண்டார். தமது தவறுக்குத் தாமே விலை குறித்த அப்பெரியாரின் நேர்மை எம்போன்றோர் பின்பற்றத் தக்கது.

ஹஸ்கெலில் இதற்கு "மேபி" என்னும் வகை உண்டு. "ஒருவேளை கிலோ" என்று தமிழிற் சொல்லலாம். உள்ளே கிலோ இருக்கும், அன்றேல் ஒன்றும் இராது. இதனை மருந்தளவுச் சார்பினுட் செலுத்தினால், "எதிர்பார்த்தது கிலோ, கிடைத்தது ஒருவேளை கிலோ" என்று தொகுப்பான் தடுப்பான். உள்ளிருப்பதைப் பலாத்காரமாகப் பிடுங்கும் சார்பும் உண்டு, அதனை நாடற்க. உறை வெறுமையாயின் செய்நிரல் நடுவழியில் விழும். எடை இருந்தால் மருந்தளவு, இல்லையேல் "மீண்டும் நிறுக்க" என்று இரண்டையும் எழுதுவதே திருத்தம். இறுதியாக, கிலோ உறையை வேறெவரும் நேரே இட இயலாதவாறு மறைத்து, எடை பூச்சியத்திலும் கூடியதா, பிள்ளைகளுக்குரிய எல்லைக்குள் உள்ளதா என்று பார்த்தே உறையிடும் சார்பொன்றை வாயில் காப்போனாக நிறுத்தினோம்.

அன்பர்களே, வகைகளை இட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கிலோவுக்கு 15 என்பதற்குப் பதிலாக 51 என்று எழுதியிருந்தால் எந்த வகையும் எம்மைக் காத்திராது. இறாத்தற் தராசிற் நின்ற பிள்ளையைக் கிலோ என்று ஒருவர் பதிந்தாலும் அவ்வாறே. வாசலில் இட்ட பெயர் பொய்யானால் வீடு முழுவதும் அப்பொய்யையே நம்பும். இலக்கண வழு இல்லாத வாக்கியமும் பொய்யாக இருக்கலாம் அல்லவா? அதற்கு அத்தாதியின் கண் வேண்டும். எண்ணைப் பாராது பிள்ளையைப் பார்த்த கண் அது.

திருத்திய செய்நிரலைக் கொண்டு மீண்டும் அவரிடம் சென்றோம். அவர் முதலிற் செய்தது, பழைய தராசில் ஒரு தாளை ஒட்டியது. அதிற் பெரிய எழுத்தில் "இறாத்தல்" என்று எழுதியிருந்தார். நாம் முப்பத்தேழு பிழைகளோடு மல்லாடிக் கற்றதை அவர் ஒரு துண்டுத் தாளிற் செய்து முடித்திருந்தார். அதன் பின்னரும் கையாற் கணக்கிட்டு எமது விடையோடு ஒப்பிட்டே மருந்து கொடுத்தார். அதுவே முறை என்று இப்போது எமக்குத் தெரியும்.

எமது வயதினருக்கு ஒரு வார்த்தை. பிழை சொல்பவனைப் பகைவனாக எண்ணுவது இளமையின் இயல்பு. வீட்டிற் பெரியோர் தடுத்தாற் கோபம். கணினியிற் தொகுப்பான் தடுத்தாலும் கோபம். அவன் வாயை அடைப்பதற்கு வழிகள் பல உண்டு; அவற்றுட் சிலவற்றை நாமே கைக்கொண்டதை ஒப்புக்கொண்டோம். ஆயினும், மேசையிற் கிடைக்கும் முப்பத்தேழு பிழைகள், ஒரு பிள்ளையின் உடலிற் தெரியவரும் ஒரு பிழையிலும் மேலானவை. பொருளுக்குப் பொருள் உரிய பெயரிட்டு வழங்குங்கள். கிலோவைக் கிலோ என்றும், இல்லாததை இல்லை என்றும் எழுதுங்கள். பின்னர், தடுப்பவன் சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள்.